எறும்புப் பல்

என் அன்பு வாலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், நன்றாக இருப்பதற்கு என்னென்ன வேண்டுமோ அதில் முக்கால்வாசி இருக்கிறது. நீயும் அங்கே நன்றாக இருப்பாய் என்று எனக்குத் தெரியும், ஒன்பது நாளைக்கு முன்னால் உன் முகத்தை மூன்று விநாடி பார்த்தேனே, கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது, சாப்பாடு ஒத்துக்கொள்கிறது போல. கடிதத்தைப் பார்த்ததும் இந்த மனுஷனுக்கு என்ன வந்தது, போன் இல்லையா என்று நினைப்பாய். போன் இருக்கிறது. போனில் உனக்குப் படத்தை அணைக்கத் தெரியும். கடிதத்தை அணைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும், கிழிப்பதானாலும் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி, ஐந்தாவதோடு நின்றவன் இத்தனை பக்கம் எழுதுவது சின்ன விஷயம் இல்லை. பிழை இருந்தால் சின்ன வயசில் செய்த மாதிரி சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக்கொள், இந்தக் கடிதத்தில் நான் வட்டம் போட வேண்டியதும் ஒன்று இருக்கிறது, கணக்கு சரியாகிவிடும். சேலை மடிப்புக்குள் வைக்கிற வெள்ளைத் தாளில் எழுதுகிறேன், சாப்பாட்டு நேரத்தில் ஸ்டாக் அறையில் பண்டல் மேல் உட்கார்ந்து மூன்று நாளாக எழுதுகிறேன். அதனால் நடுவில் பேனா மாறும், என் கோபமும் ஏறி இறங்கும், பொறுத்துக்கொள்.

வீட்டுச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்ல மனசு வராது. அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று. போட்ட முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இத்தனை நாள் மங்கலாத் தெரிஞ்சதே நல்லா இருந்துச்சுங்க என்றாள். உன் மாமா உடம்பு குறைக்க நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிள் ஒன்று வாங்கினார், இப்போது அதில் அத்தை துண்டு காயப் போடுகிறாள், மாமா அப்படியேதான் இருக்கிறார், துண்டுதான் மெலிந்துகொண்டு வருகிறது. சமையலறைக் குழாயை நான் இரண்டு தடவை சரிசெய்ததில் முன்னைவிட ஒழுங்காகச் சொட்டுகிறது. அம்மாவுக்கு வேலைக்குக் குறைவில்லை, எங்கள் கடையில் விற்கிற கல்யாணப் பட்டுக்கெல்லாம் கீழ்க்கரையில் ஃபால்ஸ் அடிப்பதும் முந்தி நுனியில் குஞ்சம் கட்டுவதும் இன்னும் அவள்தான், முழங்கால் நடுவே தலையணையை இடுக்கிக்கொண்டு அதன்மேல் முந்தியைக் குத்தி வைத்து முடிச்சு முடிச்சாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள். நீ ஒன்பது நாளாக என்னைக் கூப்பிடவில்லை என்று அவளுக்குத் தெரியாது. வேலை அதிகம் என்று அவளுக்கு ஒரு வரி அனுப்பியிருக்கிறாய், அதை எனக்குப் படித்துக் காட்டி, பாவம்ங்க புள்ள என்றாள். ஆமா பாவம்தான் என்றேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன், பிறகு உன் தப்பு. போன மாதம் நீ போனில், அப்பா, நீங்க இன்னும் கீழ் மாடிலதானே இருக்கீங்க என்று கேட்டாய். நான், ஆமாம்மா, துண்டோடயும் போர்வையோடயும்தான் குடித்தனம் என்றேன். அது பொய். முட்டி வலியால் நாலு வருஷமாகக் கீழே துண்டு விற்றுக்கொண்டிருந்தேன் இல்லையா, நீ கேட்டதற்கு ஒரு வாரம் முன்னால் மேலே பட்டு காட்டுகிற அண்ணனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கவே முடியவில்லை. மூன்றாவது மாடியில் கல்யாணப் பட்டு காட்ட வேறு ஆள் இல்லை, பழைய கை நீதானேப்பா, ஏறு மேலே என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நான் ஏறினேன், லிஃப்ட்டில்தான். ஏறின இரண்டாம் நாள் புதுச் சரக்கு பிரிக்கும்போது ஒரு சேலை கையில் வந்தது. அரக்கு நிற உடல், அகலமான இலைப்பச்சைக் கரை, முந்தி முழுக்க ஜரிகை இருந்தாலும் கண்ணைக் குத்தாத ஜரிகை, சூளையில் வெந்த செங்கல் மேல் வெயில் பட்ட மாதிரி. எடுத்ததும் உன் முகம்தான் ஞாபகம் வந்தது. எங்கள் தொழிலில் ஒரு திருட்டுத்தனம் உண்டு, உனக்கே தெரியும், மனசுக்குப் பிடித்த வாடிக்கைக்காரர் வருவார் என்றால் நல்ல சேலையை அடுக்கின் அடியில், அழுமூஞ்சி நிறங்களுக்குக் கீழே தள்ளி வைப்போம். நானும் தள்ளி வைத்தேன். நீ அடுத்த தடவை ஊருக்கு வரும்போது கடைக்குக் கூட்டிப்போய், மூன்றாம் மாடிக்கு ஏற்றி, மெத்தையில் உட்காரவைத்து, சின்ன வயசில் வீட்டில் நாம் கடை விளையாட்டு விளையாடுவோமே அதே மாதிரி, சொல்லுங்க மேடம் என்ன பாக்கறீங்க என்று கேட்டு, கடைசியில் அதை எடுத்து விரிக்க வேண்டும் என்று திட்டம். அதற்காகத்தான் மேலே ஏறினதை மறைத்தேன். நீ கீழ் மாடியா என்று கேட்டதும் என் முட்டியைப் பற்றித்தான் கேட்கிறாய் என்று நினைத்தேன். இத்தனை தூரத்திலிருந்தும் அப்பன் எத்தனை படி ஏறுகிறான் என்று கவலைப்படுகிறது பார் என்று அன்று முழுக்க ஒரே சந்தோஷம், பில் போடுகிற அக்காவிடம்கூடச் சொன்னேன். நீ எதற்குக் கேட்டாய் என்று புரிய எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

அவர்கள் ஒரு காலையில் பதினோரு மணி வாக்கில் வந்தார்கள். வெளியூரிலிருந்து வண்டி எடுத்து வந்த ஒரு அம்மா, கூட அவர் பெண். நல்ல மனுஷி அந்த அம்மா, செருப்பைத் தானே ஓரமாக வைத்துவிட்டு மெத்தையில் உட்கார்ந்தார், டீ வந்தபோது எனக்கும் ஒன்று சொன்னார். மகன் வெளிநாட்டில் இருக்கிறான், அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போயிற்று, இன்னும் இரண்டு மாதத்தில் கல்யாணம், மருமகளுக்குச் சேலை எடுக்க வேண்டும், இந்தக் கடையில்தான் ஜரிகையில் ஏமாற்ற மாட்டார்கள் என்று அந்தப் பெண்ணே சொல்லி அனுப்பினாள் என்றார். எனக்கு அப்போதே பெருமை, நம் கடைக்கு வெளிநாட்டிலும் பேர் இருக்கிறது பார் என்று. பெண் வீட்டுக்காரங்க வரலீங்களாம்மா என்று கேட்டேன், அது எப்போதும் கேட்கிற கேள்வி, இரண்டு வீட்டாரும் வந்தால் இரண்டு விதமான சேலை விரிக்க வேண்டும். அதற்கு அந்த அம்மா, பொண்ணோட அப்பா பெரிய ஜவுளி வியாபாரிங்க, மாசத்துல பாதி நாள் வெளியூர்தானாம், அம்மாவும் கூடவே போயிடுவாங்களாம், நாங்களே இன்னும் பாக்கல, நேரா கல்யாணத்துக்குத்தான் வருவாங்கன்னு பொண்ணு சொல்லுது என்றார். என் வாய் சும்மா இருக்குமா. பெரிய வியாபாரிங்க அப்படித்தாம்மா, கல்யாணத்துக்கே ஆள் வராம சாம்பிள் அனுப்பினாலும் அனுப்புவாங்க என்றேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யாரைச் சொல்லிச் சிரிக்கிறோம் என்று எனக்கு மட்டும்தான் தெரியாது என்று நினைக்காதே, அந்த அறையில் யாருக்குமே தெரியாது. தெரிந்த ஒரே ஆளை இன்னும் கூப்பிடவில்லை.

பிறகு கூப்பிட்டார்கள். அந்த அம்மாவின் பெண் போனை நிமிர்த்தி வைத்து, அண்ணி லைன்ல இருக்காங்க, சேலையெல்லாம் இவங்களுக்குத் தெரியற மாதிரி காட்டுங்க என்று என் பக்கம் திருப்பினாள். நீ. தலைமுடியைத் தூக்கிக் கட்டியிருந்தாய், பின்னால் ஜன்னல், ஜன்னலில் நான் போன தடவை உனக்கு அனுப்பின கட்டம் போட்ட போர்வை திரையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் போர்வையைத்தான் முதலில் அடையாளம் கண்டேன், அப்புறம்தான் உன்னை. என் கையில் ஒரு மஞ்சள் பட்டு பாதி விரிந்து நின்றது. நீ என்னைப் பார்த்தாய். வாய் லேசாகத் திறந்தது, அப்பா என்று வருவதற்கு முன்னால் உதடு எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாதா, அப்படிப் போய் மூடிக்கொண்டது. அவ்வளவுதான், முகம் மறைந்துவிட்டது. கறுப்புத் திரையில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் உன் பெயரின் முதல் எழுத்து. இங்க நெட் வீக்கா இருக்கு ஆண்ட்டி, என் முகம் வரலன்னா பரவாயில்ல, நீங்க காட்டச் சொல்லுங்க என்று குரல் மட்டும் வந்தது. கீழ் மாடிதானே என்று நீ கேட்டது என் முட்டிக்காக இல்லை, இவர்கள் கண்ணில் நான் படக் கூடாது என்பதற்காக என்று அப்போதுதான் புரிந்தது. அந்த எழுத்தை உனக்கு முதன்முதலில் எழுதக் கற்றுக்கொடுத்தது நான், எனக்கு ஒழுங்காக எழுதத் தெரிந்த சில எழுத்தில் அதுவும் ஒன்று.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று ஒன்பது நாளாக யோசிக்கிறேன். அடியே என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். போடவில்லை. வணக்கம்மா, சொல்லுங்க, என்ன நிறம் பாக்கறீங்க என்றேன். பெற்ற பெண்ணை விளையாட்டு இல்லாமல் நீங்க என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நீயும் சளைக்கவில்லை. அவரை வேற காட்டச் சொல்லுங்க ஆண்ட்டி என்றாய். அவரை. நான் காட்டினேன். கல்யாணப் பட்டை மடியில் விரித்தால் தெரியாது, ஆள்மேல் விழுந்தால்தான் தெரியும், அதனால் எப்போதும் போல எழுந்து நின்று பெல்ட்டில் கொசுவம் சொருகி இடது தோளில் முந்தி போட்டுக் காட்டினேன். மீசையும் தொந்தியுமாக ஒருத்தன் மணப்பெண் மாதிரி நின்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது, சிரிக்க வைப்பதும் என் தொழில்தான், சிரித்தால் வாங்குவார்கள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, அண்ணி, இவர் இடுப்பைப் பாருங்களேன், நம்மளவிட நல்லா நிக்கறார் என்றாள். போனுக்குள்ளிருந்து நீயும் சிரித்தாய். சின்னச் சிரிப்புதான், கூட இருக்கிறவர்களுக்காகச் சிரிக்கிற சிரிப்பு. வாலு, முப்பது வருஷமாக ஊரார் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள், ஒரு சிரிப்பும் வீடுவரைக்கும் கூட வந்ததில்லை. உன்னுடையது வந்தது, இன்னும் போகவில்லை.

அதுகூடப் போகட்டும். ஆறாவது சேலையோ ஏழாவதோ, நீலத்தில் பொன் கரை போட்டது, அந்த அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. அப்போது நீ சொன்னாய், பின்பக்கம் திருப்பச் சொல்லுங்க ஆண்ட்டி, உடலும் கரையும் சேர்ற இடத்துல எறும்புப் பல்லு தெரியுதான்னு பாருங்க, தெரிஞ்சாத்தான் கரையைத் தனியாக் கோத்துக் கையால நெய்தது என்று. நான் திருப்பினேன். அந்த அம்மா உற்றுப் பார்த்து, அட ஆமா, குட்டிக் குட்டியாப் பல்லு, எறும்புப் பல்லாம், எவ்வளவு அழகாச் சொல்றா பாருங்க என்று என்னிடமே சொல்லி, யாரும்மா உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தா, அப்பாவா என்று கேட்டார். அந்த அம்மா கேட்டதைக் கவனித்தாயா, அப்பாவா என்றுதான் கேட்டார், கதவைத் திறந்தே வைத்தார். ஆமாம் என்று சொல்லியிருந்தால்கூட உன் கதை கெட்டிருக்காது, பெரிய வியாபாரிக்குப் பட்டு தெரியாதா. நீ என்ன சொன்னாய். இல்ல ஆண்ட்டி, மொபைல்ல வீடியோ பாத்துக் கத்துக்கிட்டேன் என்றாய். உலகத்தில் எந்த வீடியோவிலும் அந்த வார்த்தை கிடையாது. கடையில் கோர்வை என்போம், தறிக்காரர்களும் அப்படித்தான் சொல்வார்கள். உனக்கு ஐந்து வயசு இருக்கும்போது அம்மா ஃபால்ஸ் அடிக்கிற சேலைக்கு அடியில் புகுந்துகொண்டு இது என்ன இது என்ன என்று கேட்டாயே, அப்போது உனக்குப் புரிய வேண்டும் என்று நான் உண்டாக்கின வார்த்தை அது. எறும்பு கடித்துக் கடித்து இரண்டு துணியையும் சேர்த்திருக்கிறது என்று சொன்னேன், நீ இரண்டு நாள் சர்க்கரையைச் சேலை ஓரத்தில் வைத்து எறும்புக்குக் கூலி கொடுத்தாய், அம்மா என்னைத்தான் திட்டினாள். என்னைத் தெரியாது என்று சொன்னாய், சரி, பயம், அந்த நேரத்துப் பதற்றம், மன்னித்துவிடலாம். என் வார்த்தையைத் தூக்கி யாரோ முகம் தெரியாதவனுக்குக் கொடுத்தாயே, அதைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

பதினொரு சேலை ஆயிற்று. ஒவ்வொன்றுக்கும் இது வேண்டாம் ஆண்ட்டி, வேற என்றாய், சீக்கிரம் முடித்து வைத்தால் போதும் என்று எதையாவது சரி சொல்லுவாய் என்று பார்த்தேன், அந்த விஷயத்தில் மட்டும் நீ என் பெண்தான், பிடிக்காததைப் பிடிக்கும் என்று சொல்ல வரவில்லை. அப்புறம் நான் குனிந்து அடுக்கின் அடியிலிருந்து அதை எடுத்தேன். எடுக்காமல் இருந்திருக்கலாம். இருபது தடவை நினைத்துவிட்டேன், உனக்கு என்று வைத்ததை உனக்குக் கொடுக்காமல் எடுத்து வைத்துப் பழி வாங்கியிருக்கலாம். ஆனால் அடியில் ஒளித்து வைத்த சேலையை அதற்கு உரிய ஆள் எதிரில் இருக்கும்போது எடுக்காமல் இருக்க என் கைக்குத் தெரியாது. அதைத் தோளில் போட்டதும் அந்த இரண்டு பேரும் எழுந்து வந்து முந்தியைத் தொட்டுப் பார்த்தார்கள். போனுக்குள்ளிருந்து நீ, இதுதான் ஆண்ட்டி என்றாய். குரல் உடைந்து வந்தது, அவர்கள் நெட் என்று நினைத்துக்கொண்டார்கள். சளி பிடித்தால் உன் குரல் எப்படி இருக்கும், அழுகையை விழுங்கினால் எப்படி இருக்கும் என்று எனக்கு வித்தியாசம் தெரியும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன், இல்லாவிட்டால் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன். இதை முதல்லயே காட்டியிருக்கக் கூடாதா, எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க என்று அந்த அம்மா கேட்டார். சில சேலை ஆளைப் பாத்துத்தாம்மா எடுப்போம் என்றேன். எழுந்து போகும்போது, உங்களுக்குப் பொண்ணு இருக்கா என்று கேட்டார். இருக்கும்மா, வெளிநாட்டுல என்றேன். கல்யாணம் ஆயிடுச்சா என்றார். எனக்கே இப்பத்தாம்மா தெரியும் என்றா சொல்வது. பேசிட்டிருக்கோம்மா என்றேன். உங்க பொண்ணு குடுத்து வச்சவ, நல்ல சேலை எடுக்க வீட்லயே ஆள் இருக்கு என்று சொல்லிவிட்டு லிஃப்ட்டில் இறங்கிப் போனார்.

யோசித்துப் பார்த்தால் இது இன்று நேற்று வந்ததில்லை. பள்ளிக்கூடத்துத் தாளில் தகப்பன் தொழில் என்ற இடத்தில் நீ ஜவுளி என்று எழுதியிருந்தாய், கையெழுத்துப் போடும்போது பார்த்தேன். ஜவுளியில் என்ன என்று எழுதவில்லை. கெட்டிக்காரி, சுருக்கமாக எழுதிவிட்டாள் என்று நானும் சிரித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு அந்த ஒரு வார்த்தைக்கு மேலே என்னைச் சேர்க்க உனக்கு இஷ்டமில்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் ஏதாவது உனக்கு வெட்கம் வருகிற மாதிரி நடந்துகொண்டேனா என்றும் யோசித்தேன். உன் சிநேகிதிகள் வந்தபோது கொசுவம் சொருகிக் காட்டிச் சிரிக்க வைத்தது ஞாபகம் வந்தது. அவர்கள் சிரித்தார்கள், நீ உள்ளே போய்விட்டாய். அப்போதே நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன், அப்பா இது வேண்டாம், வேற என்று. சேலைக்குத்தான் வேண்டாம் சொல்லக் கற்றுக்கொடுத்தேன் போல, எனக்குச் சொல்லக் கற்றுக்கொடுக்கவில்லை. நீ என்னை இல்லை என்று சொல்லியிருந்தால்கூட ஒரு நாள் அழுதுவிட்டு எழுந்திருப்பேன். நீ பதவி உயர்வு கொடுத்துவிட்டாய், வண்டி வாசல் எல்லாம் கொடுத்து ஊர் ஊராக அனுப்பிவிட்டாய், கூடவே உன் அம்மாவையும். வீட்டுக்கும் தெருக்கோடிக்கும் நடுவே தவிர வேறெங்கும் போகாதவளை டூர் அனுப்பின ஒரே பிள்ளை நீதான்.

அம்மாவைப் பற்றித்தான் கடைசியாகச் சொல்ல வேண்டும், இதற்குத்தான் இத்தனை பக்கம். அந்தச் சேலைக்கு ஃபால்ஸும் குஞ்சமும் வேண்டும் என்று அந்த அம்மா கேட்டுவிட்டுப் போனார். கடையிலிருந்து வழக்கம்போல அது நம் வீட்டுக்குத்தான் வந்தது. நானே என் கையால் கொண்டுவந்து கொடுத்தேன். மேலே குத்தியிருக்கிற சீட்டில் மாப்பிள்ளையின் அம்மா பெயர் இருக்கிறது, உன் பெயர் இல்லை, இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். அம்மா பிரித்ததும் புதுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இது எந்தப் புண்ணியவதிக்குங்க, அந்தப் பொண்ணுக்கு ரசனை இருக்கு என்றாள். யாரோ வெளிநாட்டுப் பொண்ணு என்றேன். அவள் எழுந்து முந்தியைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நின்றாள், கட்டின சேலை மாதிரி இல்லை, சும்மா போட்டுக்கொண்டு. நம்ம வாலுக்கு இந்த நிறம் எடுப்பா இருக்கும்ல, அவளுக்குக் கூடிவரும்போது இதே மாதிரி ஒண்ணு பாத்து வைங்க, குஞ்சம் நான்தான் கட்டுவேன், வேற யார்கிட்டயும் குடுத்துடாதீங்க என்றாள். நான் குழாய் சொட்டுகிறது என்று எழுந்து போனேன். அங்கே ஒரு மணி நேரம் நின்றேன், அன்றைக்கு அது சொட்டக்கூட இல்லை. இப்போது தினமும் வேலைக்குப் போகும்போது அவள் மடியில் உன் கல்யாணச் சேலை, திரும்பி வரும்போதும் அவள் மடியில் உன் கல்யாணச் சேலை. மற்ற சேலைக்கு இரண்டு நாளில் முடிப்பவள் இதற்கு மட்டும் பிரித்துப் பிரித்துக் கட்டுகிறாள், முகம் தெரியாத பெண்ணுக்கு இத்தனை பாடு எதுக்கு என்றேன், எல்லாப் பொண்ணும் யாரோ ஒருத்தி பெத்த பொண்ணுதானே என்கிறாள். இதை நான் தாங்கிக்கொள்வேன் என்று நினைத்துத்தானே நீ இப்படிச் செய்தாய், அவளைப் பற்றி நீ நினைக்கவே இல்லை.

அதனால் நான் சொல்வதைக் கேள். இருபத்தைந்தாம் தேதி அந்த அம்மா வந்து சேலையை வாங்கிக்கொள்வார். இந்தக் கடிதம் உன் கைக்கு வர எட்டு நாள் ஆகும் என்று தபால் ஆபீஸில் சொன்னார்கள், அதற்குப் பிறகும் உனக்கு ஒரு வாரம் இருக்கும். சேலை நம் வீட்டை விட்டுப் போவதற்குள் நீயே அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிடு. நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னால் உனக்காக ஏதாவது பூசி மெழுகிச் சொல்லுவேன், அது எனக்குப் பழகிப்போன வேலை, அதை இந்தத் தடவை செய்ய மாட்டேன். அந்தச் சேலை யாருக்கு என்று தெரிந்து அவள் கடைசி முடிச்சைப் போட வேண்டும், அதற்கு மேல் அவள் உன்னிடம் எதுவும் கேட்க மாட்டாள். மாப்பிள்ளை வீட்டுக்கும் நீதான் சொல்ல வேண்டும். அந்த அம்மா வந்து கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன், கேட்காவிட்டால் நானாக வாயைத் திறக்கவும் மாட்டேன். செருப்பைத் தானே ஓரமாக வைக்கிற மனுஷி, ஒரு சேல்ஸ்மேன் பெண்ணை வேண்டாம் என்று சொல்லுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. பொய்யைப் பற்றி என்ன சொல்லுவாரோ, அதற்கு நான் பொறுப்பில்லை. கல்யாணத்துக்கு நான் வருவேன், கூப்பிட்டால். ஆனால் வியாபாரியாக வர மாட்டேன். உனக்காகப் பன்னிரண்டு சேலை உடுத்தியாயிற்று, இன்னும் நூறு உடுத்தச் சொன்னாலும் உடுத்துவேன், அந்த வியாபாரி சட்டையை மட்டும் என்னால் போட முடியாது, அது என் அளவில் தைத்தது இல்லை.

வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொள். போர்வையை ஜன்னலில் தொங்க விடாதே, அது போர்த்திக்கொள்ளக் கொடுத்தது. சேலை வந்ததும் ஜரிகை மேல் சென்ட் அடிக்காதே, கறுத்துவிடும். கட்டி அவிழ்த்தபின் நிழலில் காற்றாட விட்டு, பருத்தித் துணியில் சுற்றி வை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாற்றி மடி, ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு அந்த இடத்தில்தான் அறும். நீயும் அவனும் நோய் நொடி இல்லாமல், ஒருத்தருக்கு ஒருத்தர் மறைக்காமல், நல்லபடியாக நெடுநாள் வாழ வேண்டும். இதை மனசார எழுதுகிறேன், கோபம் இருக்கிற பேனாவாலேயே எழுதுகிறேன், இரண்டும் ஒரே மைதான்.

மறந்துவிடாதே, அம்மா காலை பத்து மணிக்கு மேல் வீட்டில் தனியாக இருப்பாள். முந்தியில் பாதி முடிச்சுதான் ஆகியிருக்கிறது, நீ கூப்பிடும்வரை மெதுவாகவே கட்டச் சொல்லுகிறேன். அப்புறம், சேலை கைக்கு வந்ததும் பின்பக்கம் திருப்பிக் கரை ஓரத்தைப் பார், எறும்புப் பல் வரிசை தவறாமல் இருக்கும், நான் பார்த்துத்தான் எடுத்தேன். யார் சொல்லிக் கொடுத்தது என்று இனி யாராவது கேட்டால் யோசித்துப் பதில் சொல்.

இப்படிக்கு,
மூன்றாவது மாடியில் பட்டு காட்டுகிற
உன் அப்பா